தலைக்கு மேல் எதையும் தொங்கவிடும் முன் இதைப் படியுங்கள்: ஒன்றரை மாதச் சம்பளம் போய்விட்டது

நேற்று இரவுதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு ஒற்றை வரியில் பதில். ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். இந்த விடுமுறைக்கு முன் வேறு யாராவது, கேரேஜ் கூரையில் தொங்கும் இந்த மின்சாரத் தூக்குத் தளத்தையே வாங்கிவிடக் கூடாது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வருடா வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் குட்டி மாதிரி ரயில் ஓடும். 8 அடிக்கு 4 அடி பலகையில் எச்.ஓ. அளவு லேஅவுட், அதாவது தண்டவாளமும் ஊரும் சேர்ந்த அமைப்பு. நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். 18 அங்குல ஆரத்தில் உள்வளையம், 22 அங்குலத்தில் வெளிவளையம், மூலையில் மலையும் சுரங்கமும், நடுவில் பனி மூடிய கிராமம். வீடுகளுக்குள் விளக்கு எரியும். ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. ஜனவரியில் பிரித்து அட்டைப்பெட்டிகளில் அடைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று போய்விடும். ஒரு வருடம் பலகைக்கு அடியில் ஓடும் ஒயர்கள் அறுந்தன, இன்னொரு வருடம் தண்டவாள இணைப்புகள் தளர்ந்து எஞ்சின் பாதி வழியில் நின்றது. அதனால்தான் பிரிக்காமல் அப்படியே கேரேஜ் கூரைக்குத் தூக்கிவிடலாம், கீழே கார் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். யோசனையில் தப்பில்லை. இதை ஒழுங்காகச் செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாங்கிய இடம், எல்லாப் பொருளும் கிடைக்கும் ஒரு பெரிய இணையச் சந்தை. அதில் கூரையில் தொங்கும் சேமிப்புத் தளங்களை மட்டும் விற்கும் ஒருவர். மின்சார வின்ச் (வடத்தைச் சுருட்டிப் பாரத்தைத் தூக்கும் இயந்திரம்), நான்கு மூலைக்கும் கம்பி வடம், கப்பிகள், சட்டம் எல்லாம் ஒரே தொகுப்பு. பொருத்துகிற ஆளையும் அவர்களே அனுப்புவார்கள். "தாங்கும் எடை 200 கிலோ" என்று பெரிதாகப் போட்டிருந்தது.

நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ அழைப்பில் வந்தவர் எடுத்த எடுப்பில் விலையைப் பேசவில்லை. "சார், மலை எவ்வளவு உயரம்? கேரேஜ் கதவு மேலே உருளும்போது அதில் இடிக்குமா?" என்று கேட்டார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. மற்ற விற்பனையாளர்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை. சுரங்கத்தின் உச்சி 35 சென்டிமீட்டர் என்றேன், குறித்துக்கொண்டார். லேஅவுட் மொத்தம் 65 கிலோ என்று துண்டு துண்டாக நிறுத்துப் பார்த்துச் சொன்னேன். "ரொம்பச் சரியாக எடை போட்டிருக்கிறீர்கள் சார், உங்களைப் போன்றவர்களுக்குச் செய்து தருவதே சந்தோஷம்" என்றார். நான்கு பேர் ஏறி நிற்கும் தளத்தின் புகைப்படம் ஒன்றை அனுப்பினார். முழுத் தொகையையும் முன்னாலேயே கட்டினால் பொருத்தும் கூலி இலவசம் என்றார். கட்டினேன். ஒன்றரை மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

பெட்டியைப் பிரித்ததுமே வடம் மெலிதாக இருப்பதைக் கவனித்தேன். கப்பிகள் பிளாஸ்டிக். பொருத்த வந்தவரிடம் கேட்டபோது "இது எஃகு சார், மெலிதாக இருந்தாலும் தாங்கும்" என்றார். வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. உத்தரம் எங்கே ஓடுகிறது என்று அவர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்டவரின் கம்பெனி ஆள்தானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டு முறை ஏறி இறங்கியது. மூன்றாம் முறை, முக்கால் உயரத்தில், 'டக்' என்று ஒரு சத்தம். வலப்பக்கப் பின்மூலை தொங்கியது. அடுத்த நொடி பக்கத்து மூலை வடமும் நழுவ, லேஅவுட் சரிந்து தரையில் விழுந்தது. மலை இரண்டாகப் பிளந்தது. கிராமம் முழுக்கப் போய்விட்டது. என் முதல் சம்பளத்தில் வாங்கிய நீராவி எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டு வளைந்து கிடக்கிறது. இதெல்லாம் பொருள், போகட்டும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் என் மகள் அதே மூலைக்கு அடியில் குனிந்து, உருண்டு விழுந்த குட்டி மரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வின்ச்சையும் கப்பியையும் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் மூன்று வெறும் ஜிப்சம் பலகையில் இருந்தன. ஒன்றுதான் உத்தரத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது. ஜிப்சம் பலகை, தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்குக் கணக்கிலேயே வராது. வடத்தின் முனையை மடித்துப் பிடிக்கும் யூ வடிவக் கிளாம்ப் ஒவ்வொரு முனையிலும் ஒன்றே ஒன்று, அதுவும் தலைகீழாக. கிளாம்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும், யூ வளைவு மடிந்து வரும் வெட்டுமுனைப் பக்கம் வர வேண்டும். இவர் மாற்றிப் போட்டிருந்தார். அந்த 200 கிலோ கணக்கும் ஏமாற்று. பாரம் நான்கு வடங்களுக்கும் சமமாகப் பிரியும் என்று வைத்துக்கொண்டு போட்ட எண் அது. ஒன்று தளர்ந்தாலே, விறைப்பான பலகையின் எடை அதற்குப் பக்கத்து மூலைகளிலுள்ள இரண்டு வடங்களின் மேல் போய்விடும். எனக்கு நடந்ததும் இதுதான்.

அன்று மாலையே அழைத்தேன். மலையின் உயரத்தைக் கேட்ட அதே ஆள். "பொருத்தியது வெளி ஆள் சார், அவரிடம் கேளுங்கள்" என்றார். அவர்களே அனுப்பிய ஆள்! பொருத்தியவரோ "கொடுத்த திருகாணியைத்தான் போட்டேன், சரக்கு அவர்களுடையது" என்றார். இணையச் சந்தையின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பொருத்தியாகிவிட்டதால் திரும்பப் பெற முடியாதாம். பொருத்தாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரியையே மூன்று பேர் மூன்று நாளில் சொன்னார்கள். படங்கள் கேட்டார்கள், பதினாறு அனுப்பினேன். மறுபடியும் படங்கள் கேட்டார்கள். அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அடுத்த முறையாம்! விற்பனையாளர் இப்போது அழைப்பை எடுப்பதே இல்லை. ஒன்றரை மாதச் சம்பளம் அவரிடம் இருக்கிறது, உடைந்த கிராமம் என்னிடம் இருக்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது எழுதப் பொறுமையில்லை. இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள், பொருத்தி, எடை ஏற்றிப் பார்த்த பிறகு பாதியைக் கொடுங்கள். உத்தரத்தின் நடுவில்தான் போல்ட் இறங்க வேண்டும், கண்ணால் பார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள். கூரைச் சட்டமே கூடுதல் பாரம் தாங்குமா என்று தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள், எல்லாக் கூரையும் அதற்காகக் கட்டியதில்லை. மேலே ஏறியதும் பாரத்தை வின்ச்சில் விடாதீர்கள், நான்கு மூலையிலும் தனிச் சங்கிலி போட்டு கொக்கியில் மாட்டுங்கள். என் தொகுப்பில் சங்கிலியே இல்லை. ப்ளைவுட்டுக்குப் பதில் மரச்சட்டத்தின் மேல் 5 சென்டிமீட்டர் கனமுள்ள கெட்டி நுரைப்பலகை வைத்தால் எடை நன்றாகக் குறையும், அதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அடியில் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கேரேஜுக்கு உள்ளேயே வேண்டாம்.

வின்ச் இன்னும் கூரையில் தொங்குகிறது. அதைத் தாங்குவது உத்தரத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றைத் திருகாணிதான். காரை வெளியே நிறுத்திவிட்டேன். நாளைக் காலை நண்பர் ஒருவர் வருகிறார், இருவருமாகச் சேர்ந்து இறக்கப் போகிறோம்.