சின்னக் கச்சேரிக்கு எந்த மிக்ஸர்? யமஹா, பெரிங்கர், சவுண்ட்கிராஃப்ட் ஓர் அலசல்

பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயரில் இருக்கும் எண்ணைத்தான். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ என்றால் 10 சேனல் (ஒலி உள்ளே வரும் பாதை), பெரிங்கர் எக்ஸ்1204யூஎஸ்பி என்றால் 12, ஆகவே பெரிங்கர்தான் பெரியது என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் மைக் செருக இருக்கும் இடம் நான்குதான். யமஹாவில் நான்கு மோனோ (ஒற்றை) சேனல், அதோடு மூன்று ஸ்டீரியோ (இடம், வலம்) ஜோடி. ஜோடிக்கு இரண்டு என்று எண்ணித்தான் பத்து வருகிறது. அந்த ஜோடிகளில் கீபோர்டு, லேப்டாப், போன் எதையும் கொடுக்கலாம். மைக்கைக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. மைக்கிலிருந்து வரும் மெலிந்த சிக்னலைத் தூக்கிவிடும் ப்ரீஆம்ப் அங்கே கிடையாது.

இந்தக் கணக்கில் டிஜிட்டல் மிக்ஸர்களும் விதிவிலக்கல்ல. பெரிங்கர் எக்ஸ்ஆர்12 என்ற பெயரில் 12 இருக்கிறது, மைக் ப்ரீஆம்ப் நான்கு. சவுண்ட்கிராஃப்ட் யூஐ12 பெயரிலும் அதே 12தான், ஆனால் அதில் எட்டு மைக் போடலாம். யமஹா எம்ஜி12எக்ஸ்யூவில் ஆறு.

ஒரு சாதாரண கர்நாடகக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலை (வலது) பக்கம் ஒன்று, தொப்பி (இடது) பக்கம் ஒன்று. நான்கும் தீர்ந்தது. கடமோ கஞ்சிராவோ வந்து உட்கார்ந்தால் ஐந்தாவது மைக் வேண்டும். தம்புரா போன் செயலியில் ஓடுகிறதென்றால் கவலையில்லை, ஸ்டீரியோ ஜோடியில் செருகிவிடலாம். நிஜத் தம்புரா என்றால் ஆறு. நான்கு மைக் மிக்ஸரை வைத்துக்கொண்டு மிருதங்கத்துக்கு ஒரே மைக் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் தொப்பியின் ஆழ்ந்த கும்காரம் சபைக்குப் போய்ச் சேராது, வித்வான் முகத்திலும் அது தெரியும்.

ஆகவே போட்டி இரண்டு. நான்கு மைக் போதும் என்பவர்களுக்கு எம்ஜி10எக்ஸ்யூவா, எக்ஸ்1204யூஎஸ்பியா? ஐந்தாறு வேண்டும் என்பவர்களுக்கு எம்ஜி12எக்ஸ்யூவா, யூஐ12ஆ?

முதல் போட்டியில், ஒலித் தரத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் யமஹாதான். மெல்லப் பாடுகிறவருக்காக கெயினை (ப்ரீஆம்ப் சிக்னலைத் தூக்கும் அளவை) ஏற்றும்போது பெரிங்கரில் இரைச்சல் கொஞ்சம் முன்பே தலைகாட்டும் என்பது என் காதின் தீர்ப்பு. யமஹாவில் எதிரொலி போன்ற எஸ்பிஎக்ஸ் எஃபெக்ட்ஸ் 24 இருக்கின்றன, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்க, ஒற்றைத் திருகில் வேலை செய்யும் கம்ப்ரஸரும் உண்டு. எடை இரண்டு கிலோ சொச்சம். தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். ஆனால் மேலும் கீழும் தள்ளி ஒலியளவை மாற்றும் ஃபேடர் சேனலுக்குக் கிடையாது, எல்லாம் திருகுதான். பெரிங்கரில் 60 மில்லிமீட்டர் ஃபேடர் இருக்கிறது. பாடகர் திடீரென்று மேல் ஸ்தாயிக்குப் போகும்போது விரலால் சட்டென்று இழுத்து இறக்க அதுதான் வசதி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு, கடையில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அது மானிட்டர். மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க ஒரு தனி ஸ்பீக்கர் வேண்டும், அதற்குப் போகும் கலவை சபைக்குப் போவதிலிருந்து வேறாக இருக்க வேண்டும். வயலின்காரருக்குப் பாட்டு கூடுதலாக வேண்டும், மிருதங்கக்காரருக்குத் தம்புரா கேட்க வேண்டும். எம்ஜி10எக்ஸ்யூவில் இருப்பது ஒரே ஒரு ஆக்ஸ் சென்ட் (தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி), அதையும் எஃபெக்ட்ஸ் எடுத்துக்கொள்கிறது. மானிட்டர் அவுட் என்று இரண்டு ஜாக் இருக்கின்றனதான், ஆனால் சபைக்குப் போகும் அதே கலவையின் நகல்தான் அவற்றில் வரும். சபையில் வயலின் தூக்கலாக இருக்கிறதென்று நீங்கள் இறக்கினால், மேடையிலும் வயலின் இறங்கிவிடும். உடனே மேடையிலிருந்து கை மேலே போகும்: "மானிட்டர்ல கொஞ்சம் ஏத்துங்க!"

எக்ஸ்1204யூஎஸ்பியில் ஆக்ஸ் இரண்டு. முதலாவதை ப்ரீ (ஃபேடருக்கு முன்), போஸ்ட் (ஃபேடருக்குப் பின்) என்று மாற்றிக்கொள்ளலாம். ப்ரீயில் வைத்தால் நீங்கள் ஃபேடரை என்ன செய்தாலும் மானிட்டர் அசையாது. இரண்டாவது ஆக்ஸ் எஃபெக்ட்ஸுக்கு. விலையும் பொதுவாக யமஹாவைவிடக் குறைவு. ஆகவே மேடை மானிட்டர் உள்ள நிகழ்ச்சி என்றால், இரைச்சலையும் மீறி நான் பெரிங்கர் பக்கம். மானிட்டரே இல்லாத வீட்டு பஜனை, புத்தக வெளியீடு, சின்னக் கூட்டம் என்றால் எம்ஜி10எக்ஸ்யூ.

இரண்டாவது போட்டி இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஜாதி. எம்ஜி12எக்ஸ்யூ அனலாக்: ஃபேடர் உண்டு, ஆக்ஸ் இரண்டு, அதில் ஒன்றை ப்ரீ ஆக்கலாம். யூஐ12 டிஜிட்டல், பெட்டியில் ஃபேடரே கிடையாது. அதுவே ஒரு வைஃபை வலையை உண்டாக்கும், டேப்லெட்டில் பிரவுசரைத் திறந்தால் மிக்ஸர் திரையில் வந்துவிடும். தனிச் செயலி வேண்டாம் என்பதால் பழைய டேப்லெட்டும் போதும். ஒரே நேரத்தில் 10 கருவிகள் வரை இணைக்கலாம், ஆகவே கலைஞர்கள் தங்கள் மானிட்டரைத் தாங்களே சரிசெய்துகொள்ளலாம் என்று விளம்பரம் சொல்கிறது. தனி ஆவர்த்தனத்தின் நடுவில் போனை எடுத்துத் தடவும் வித்வானை நான் இன்னும் பார்க்கவில்லை.

யூஐ12இன் உண்மையான பலம் ஃபீட்பேக்கை, அதாவது மைக் ஊளையை, அடக்குவதில் இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் மைக் ஊளையிடுவது பெரும்பாலும் ஏதோ ஒரு குறுகிய அலைவரிசையில். எம்ஜி10எக்ஸ்யூவின் நடு ஈக்யூ (நடு அலைவரிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். ஊளை 800 ஹெர்ட்ஸில் வந்தால் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எம்ஜி12எக்ஸ்யூவின் மோனோ சேனல்களில் நடு ஈக்யூவை 250 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்தலாம், அந்த மட்டில் பரவாயில்லை. யூஐ12இல் சேனலுக்கு நான்கு பேண்ட் பாராமெட்ரிக் ஈக்யூ (அலைவரிசையை நகர்த்தலாம்), அவுட்புட்டுக்கு 31 பேண்ட் கிராஃபிக் ஈக்யூ (நிலையான 31 அலைவரிசை), போதாததற்கு டிபிஎக்ஸின் தானியங்கி ஃபீட்பேக் அடக்கியும் இருக்கிறது. சவுண்ட்கிராஃப்ட், டிபிஎக்ஸ், எஃபெக்ட்ஸ் தரும் லெக்ஸிகன் மூன்றும் ஹார்மன் நிறுவனக் குடும்பம் என்பதால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. டேப்லெட்டோடு எழுந்து போய்க் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டே சரிசெய்யலாம் என்பது இன்னொரு லாபம். அனலாக்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூலையில் கேட்பதுதான் உங்களுக்குத் தெரியும்.

சரி, அப்படியானால் யூஐ12தானே? கரண்ட் போகும்வரை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு, அனலாக் மிக்ஸர் எதுவுமே நடக்காதது மாதிரி விட்ட இடத்தில் தொடரும். டிஜிட்டல் மிக்ஸர் முதலிலிருந்து எழுந்து வர வேண்டும், அப்புறம் வைஃபை வர வேண்டும், அப்புறம் டேப்லெட் இணைய வேண்டும். அதுவரை பாடகர் மைக் இல்லாமல் பாடுவார். கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ் ஒன்றை மிக்ஸருக்கு மட்டும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அதன் விலையையும் எடையையும் யூஐ12இன் கணக்கிலேயே எழுத வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு செலவு, வெளி ரூட்டர். மண்டபம் நிறைந்து எல்லார் பையிலும் போன் இருக்கும்போது மிக்ஸருக்குள் இருக்கும் வைஃபை திணறும். ஈதர்நெட் துளையில் 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் ஒன்றைச் செருகி, அதையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட வேண்டும். எக்ஸ்ஆர்12க்கும் இதே பேச்சுதான். அதில் மைடாஸ் நிறுவனம் வடிவமைத்த ப்ரீஆம்ப் என்பது நல்ல விஷயம், ஆனால் நான்கே மைக்குக்கு இத்தனை ஏற்பாடு எனக்கு ஒட்டவில்லை. அந்த வரிசையில் போவதென்றால் 16 மைக் ப்ரீஆம்ப் உள்ள எக்ஸ்ஆர்18க்கே போய்விடலாம், பட்ஜெட் இடம் கொடுத்தால்.

ஒலிப்பதிவு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பேசிய சின்ன மிக்ஸர்கள் எல்லாமே யூஎஸ்பி வழியாகக் கலந்து முடித்த இரண்டு ட்ராக்கைத்தான் தரும். கடம் நேரடியாகவே சபைக்குக் கேட்கும் என்று நீங்கள் மைக்கைக் குறைத்து வைத்திருந்தால், பதிவில் கடம் எங்கோ தூரத்தில் கேட்கும். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிய எக்ஸ்ஆர்18 போன்றதுதான் வழி. எஃபெக்ட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவே வேண்டாம். கான்கிரீட் மண்டபத்தில் ஏற்கெனவே போதுமான எதிரொலி இருக்கிறது.

ஆறு மைக்குக்குள் அடங்கும், இயக்குகிறவர் வாரத்துக்கு ஒருவர் மாறுகிறார், கோயில் திருவிழா, கிராமத்து மேடை என்றால் எம்ஜி12எக்ஸ்யூ. யார் வந்தாலும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். ஒரே ஆள் தொடர்ந்து இயக்குகிறார், ஊளையிடும் மண்டபங்களில்தான் பெரும்பாலான நிகழ்ச்சி என்றால் யூஐ12, கூடவே யூபிஎஸ்ஸும் ரூட்டரும். எதை வாங்கினாலும் அடாப்டரில் இயங்கும் மாடல்களுக்கு உபரி அடாப்டர் ஒன்றை அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். யமஹாவின் அடாப்டர் பின் தனி மாதிரி, சனிக்கிழமை சாயங்காலம் மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிட்சி தெருவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.