பன்சோடான் தெருவில் ஒரு பைண்டிங் கடை

ரங்கூனில் பழைய புத்தகம் என்றால் பன்சோடான் தெருவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அங்கே நடைபாதைக் கடைகளுக்கு நடுவில் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கடைக்கு போர்டு கிடையாது. வீட்டில் டியூஷன் எடுக்கும் எனக்கு மூன்று வருஷமாக அவர்தான் பைண்டர்.

போன மாதம் நான் கொண்டுபோனது இரவல் புத்தகம். அமெரிக்கா கடல் தாண்டி நாடு பிடித்த கதை. தாளெல்லாம் அப்பளம் மாதிரி. "டீச்சரம்மா, இதைக் கவுத்துப் போட்டு அமுக்கினா முதுகு ஒடிஞ்சிரும்" என்றவர், ஒவ்வொரு பக்கத்தையும் கையால் தாங்கிப் பிடித்தே எடுத்தார். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

தையலைச் சொல்லியாக வேண்டும். கோந்தை மட்டும் நம்புகிற ஆள் இல்லை அவர். பெரிய தாளில் இரண்டிரண்டு பக்கமாக எடுத்து, மடித்து, மெழுகு தடவிய நூலால் செட் செட்டாகத் தைத்திருந்தார். மேஜையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்வதில்லை. நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து படிக்க இதுதான் வேண்டும்.

குறை ஒன்று உண்டு. பசிபிக் வரைபடத்தில் கடலின் நீலம் கருப்பாக விழுந்து ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ் எல்லாம் மூழ்கிவிட்டன. 1898-ஐ அந்தப் படம் இல்லாமல் எப்படி நடத்துவது? ஒரே வருஷத்தில் அத்தனை தீவுகளும் அமெரிக்காவிடம் கைமாறின. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்குக் கொடுத்தது 2 கோடி டாலர். அங்கே வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பிக் கொண்டுபோனதும் பாய் மறுபேச்சில்லாமல் மை குறைத்து எடுத்து ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆனால் ஒரு வாரம் இழுத்துவிட்டது. அவசர வேலைக்கு இந்தக் கடை சரிப்படாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை சட்டென்று புரிகிறது. 1885-இல் தேக்கு வெட்டிய கம்பெனிக்கு பர்மிய மன்னர் தீபோவின் அரசு அபராதம் போட்டதைச் சாக்காக வைத்துத்தானே வெள்ளைக்காரன் தலைநகர் மாண்டலே வரை வந்தான்? ஹவாயில் தேக்குக்குப் பதில் சர்க்கரை. 1875 ஒப்பந்தத்தால் வரியில்லாமல் அமெரிக்காவுக்கு விற்றுக் கொழுத்த தோட்ட முதலாளிகளுக்கு, 1890-இல் எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரி எடுபட்டதும் அடி விழுந்தது. அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1893 ஜனவரியில் பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 162 படையாட்கள் இறங்கி நிற்க, லிலியுவோகலானி ராணியின் ஆட்சி கவிழ்ந்தது.

"ராணியையும் மாட்டு வண்டியிலயா டீச்சர் கூட்டிட்டுப் போனாங்க?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். தீபோவை மாண்டலே அரண்மனையிலிருந்து அப்படித்தானே கொண்டுபோனார்கள். இல்லையம்மா, 1895-இல் அவருடைய அரண்மனையிலேயே மாடியில் ஓர் அறையில் அடைத்து வைத்தார்கள் என்றேன். அவள் முகம் வாடிப்போனது.

1897-இல் இணைப்பு வேண்டாம் என்று ஹவாய் மக்கள் 21,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் தேறவில்லை. மறுவருஷம் ஸ்பெயினோடு நடந்த போர் மும்முரத்தில், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்படாத தீர்மானமாகக் கொண்டுவந்து இணைத்தே விட்டார்கள். கையெழுத்துகளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நல்லவேளையாக, பாய் நான் கேட்காமலே கடைசியில் நாலு வெற்றுத் தாள் சேர்த்துத் தைத்திருந்தார். முதல் தாளில் அந்தச் சின்னவளே, வரி கோணாமல், அதை எழுதினாள்.