மெக்கிளெல்லனா, கிராண்ட்டா?

கோபியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசப் போகிறார். "எந்தத் தளபதியை எடுக்கிறதுங்கண்ணா?" என்று கேட்டார். லிங்கனின் வடக்குத் தரப்புத் தளபதிகளான மெக்கிளெல்லன், கிராண்ட் இருவரில் என் ஓட்டு கிராண்ட்டுக்கு.

மெக்கிளெல்லன் படையைத் திரட்டிப் பழக்குவதில் கெட்டிக்காரர். வீரர்களுக்கு அவர்மேல் உயிர். ஆனால் எதிரியின் எண்ணிக்கையை எப்போதும் கூட்டியே கணக்குப் போட்டார். 1862 செப்டம்பரில் தெற்குத் தரப்புத் தளபதி லீயின் படைத் திட்டமே, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக, அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அப்படியும் பல மணி நேரம் தாமதித்தார். ஆன்டீட்டம் சண்டைக்குப் பின் லீ ஆற்றைக் கடந்து தப்பினார். நவம்பரில் லிங்கன் மெக்கிளெல்லனை நீக்கினார்.

கிராண்ட் ஷைலோ சண்டையில் முதல் நாள் அடி வாங்கி, மறுநாளே திருப்பி அடித்தவர். அவர் முழுசாகத் தெரிவது, மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்குத் தரப்பு வைத்திருந்த விக்ஸ்பர்க் நகரில்தான். வடக்கின் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் இரவில் நகரத்துப் பீரங்கிகளின் முன்னாலேயே கடந்துபோயின. தெற்கே மிசிசிப்பியைத் தாண்டிய கிராண்ட்டின் படை, கிழக்கே ஜாக்சன் நகரைப் பிடித்து, அப்புறம் மேற்கே திரும்பி விக்ஸ்பர்க்கை வளைத்தது. என்ன துணிச்சல்! 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் சரணடைந்தது.

சரி, 1864 ஜூனில் கோல்டு ஹார்பரில் அவர் படையினர் ஆயிரக்கணக்கானோர் வீழ்ந்த தாக்குதலும் அவர் உத்தரவுதான். அதையும் மறைக்காமல் பேச வேண்டும்.