குழந்தை உட்காரவில்லை என்று தெரபி பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

என் மகன் 32 வாரத்தில் பிறந்த குறைமாதப் பிள்ளை. பத்தாம் மாதம் முடியும்போதும் உட்கார வைத்தால் அப்படியே முன்னால் சரிந்துவிடுவான். குப்புறப் படுத்ததே ஒன்பதாம் மாதத்தில்தான். "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான், விடு கண்ணு" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் இரவு பால் கொடுத்துக்கொண்டே போனைப் பார்த்தபோது, "குழந்தை வளர்ச்சி மையம், முதல் பரிசோதனை இலவசம்" என்று ஒரு விளம்பரம் வந்தது. மறுநாளே போய்விட்டோம்.

வெள்ளை கோட் போட்ட ஒருவர் இருபது நிமிடம் பார்த்தார். கையை இழுத்தார், காலை மடக்கினார், நிற்க வைத்துப் பார்த்தார். மூளையிலிருந்து தசைக்கு சிக்னல் சரியாகப் போகவில்லை, மூன்று மாதம் தெரபி கொடுத்தால் நடக்க வைத்துவிடலாம் என்றார். 60 சிட்டிங் 48,000 ரூபாய். அன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் 40,000. என் வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

எத்தனை வாரத்தில் பிறந்தான் என்று அவர் கேட்கவே இல்லை. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்துதான் வயதைக் கணக்குப் போட்டு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கணக்கில் என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். இந்த அடிப்படைகூடத் தெரியாத இடத்தில்தான் பிள்ளையை ஒப்படைத்திருந்தோம்.

வாரம் ஐந்து நாள் போனோம். 4,500 ரூபாய்க்கு வாக்கர் அங்கேயே வாங்க வைத்தார்கள். மூளை வளர்ச்சிக்கு என்று ஒரு பவுடர், டப்பா 1,850 ரூபாய். பில் கேட்டால் மையத்தின் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "அங்க போனா எம்ஆர்ஐ எடு, ஃபிட்ஸ் மாத்திரை போடுன்னு பயமுறுத்துவாங்க, தெரபி பாதியில கெட்டுடும்" என்றார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து நின்றேன். இரண்டு மாதம் கழித்தும் முன்னேற்றம் இல்லையே என்றபோது, "வீட்ல நீங்க பயிற்சி ஒழுங்கா குடுக்கறதில்ல" என்று பழியை என் மேலேயே போட்டார்கள். நான் அதை நம்பினேன். அன்று ராத்திரி முழுக்க அவன் காலை மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் மாதம் சளி, இருமல் என்று வேறொரு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு நாக்கைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், தோலைத் தடவினார். "மலம் எப்படிப் போறான்? அழும்போது குரல் கரகரன்னு இருக்கா? எத்தனை வாரத்துல பிறந்தான்?" அவர் கேட்ட எல்லாமே அவனுக்கு இருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் போவான். அழுவதே அபூர்வம், அழுதாலும் கரகரத்த குரல்தான். தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை என்று எல்லோரும் மெச்சியது அவன் அழாததைத்தான்.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. டிஎஸ்எச், அதாவது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், நூறைத் தாண்டி இருந்தது. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் இது ஏறுமாம். தைராய்டு சுரப்புக் குறைவு. பிறந்த மூன்றாம் நாள் எடுத்த பரிசோதனை நார்மல் என்றுதானே வந்தது என்று கேட்டேன். குறைமாதக் குழந்தைகளுக்கு டிஎஸ்எச் தாமதமாக ஏறலாம், முதல் பரிசோதனையில் தப்பிவிடும், அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்றார். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மூளை வேகமாக வளரும் முதல் மூன்று வருடத்துக்கு இந்தச் சுரப்பு அவ்வளவு முக்கியமாம். அந்த நேரத்தில் முழுசாக மூன்று மாதத்தை அந்த மையம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பணத்தைவிட அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தைராய்டு மாத்திரையைப் பொடி செய்து கொஞ்சம் தாய்ப்பாலில் கலந்து தினமும் காலையில் கொடுக்கிறேன். இரும்புச்சத்து சொட்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, சில மணி நேரம் தள்ளித்தான். மாத்திரைக்கு ஆகும் மாதச் செலவு அந்தப் பவுடர் டப்பாவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாவது வாரம் பசிக்கு வீடே அதிர அழுதான். அத்தை அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு தானும் அழுதுவிட்டார்.

பிசியோதெரபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் போகிறோம், ஆனால் அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் மையம் இது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசம். முதலில் டாக்டர் பார்த்துக் காரணம் தேடுகிறார், அதற்குப் பிறகுதான் பயிற்சி. வாக்கரைத் தூக்கி ஓரமாகப் போடச் சொன்னார்கள். அது நடக்கக் கற்றுக்கொடுக்காது, உருண்டு விழுந்து அடிபடும் ஆபத்துதான் அதிகம். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்களாம்.

எல்லாக் குழந்தையும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிடிமானம் இல்லாமல் நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தவழாமலே நடக்கும் குழந்தைகளும் உண்டு. ஆனால் நாலு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குறைமாதம் என்றால் அந்தக் கணக்கையும் அவரிடம் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலோ, செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

இப்போது அவனுக்கு 19 மாதம். பதினைந்தாம் மாதம் உட்கார்ந்தான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறான். பேச்சு எப்படி வரும் என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

மீதி சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டதற்கு, பேக்கேஜில் ரீஃபண்ட் கிடையாது என்று போனை வைத்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் இந்த மாதிரிப் பெயரில்லாத துண்டுச் சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள். எங்கள் புகாருக்கு இப்போது அவை மட்டும்தான் ஆதாரம்.