சூரியத் தகடு வைத்த ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: வாங்கலாமா?

200 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 9.3 யூனிட் வெப்பம் வேண்டும். சாதா ஹீட்டர் அத்தனையையும் கரண்டாகவே இழுக்கும். இந்த ஹீட் பம்ப் ஹீட்டர், செயல்திறன் விகிதம் (ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் வெப்பம் தருகிறது என்ற கணக்கு) 3 என்றால், 3.1 யூனிட் கரண்டில் முடித்துவிடும். கூரைத் தகட்டுக்குள் ஓடுவது தண்ணீரல்ல, ஏசியில் இருப்பதுபோன்ற கேஸ். அது காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் இரவிலும் காற்றின் சூட்டை உறிஞ்சும். வேகம்தான் குறையும். எந்த நேரமும் ஒரே திறன் என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம்.

பலவீனமெல்லாம் செப்புக் குழாய் இணைப்புகளில்தான். ஃப்ளேர், அதாவது முனையை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு, சரியாக இறுகாவிட்டால் கேஸ் மெல்லக் கசியும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் சூடேறாது. பொருத்தும்போது முதலில் நைட்ரஜன் நிரப்பிக் கசிவு பார்க்கும் அழுத்தச் சோதனை, பிறகு வாக்குவம், அதாவது குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. இவற்றைச் செய்யாத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கிருமி வளராமலிருக்க, வாரம் ஒருமுறையாவது 60 டிகிரியைத் தொடும்படி செட் செய்யுங்கள்.