ஸ்கிரீன் போனாலும் போட்டோ போகாமல் இருக்க: டேட்டா மீட்பு வழிகள், நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

"டேட்டா மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்" என்று ரிப்பேர் கடையில் கேட்கிறவர்களில் பாதிப் பேர் இன்னமும் பத்து வருடத்துக்கு முந்தைய போனை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அப்போதெல்லாம் மெமரி ஐசியை (படங்கள் தங்கும் சிப்பை) கழற்றி ரீடரில் வைத்தால் படங்கள் அப்படியே வந்துவிடும். பேட்டர்ன் மறந்தால் கூகுள் கணக்கைப் போட்டுத் திறக்கிற வசதிகூட ஆண்ட்ராய்டு 4.4 வரை இருந்தது. இன்றைய போனில் இந்த இரண்டும் செல்லாது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து கோப்புகளை என்கிரிப்ட் செய்துவைப்பது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது, கட்டாயமாகிவிட்டது. ஐபோனில் 2013-இல் வந்த 5எஸ் தொட்டு, சாவியைக் காப்பதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. அந்தச் சாவி இரண்டு பொருள் சேர்ந்து உருவாகிறது: நீங்கள் போடும் பின் நம்பர் ஒன்று, தயாரிப்பின்போதே சிப்புக்குள் பதித்துவிட்ட, வெளியிலிருந்து யாரும் படிக்க முடியாத ஓர் எண் இன்னொன்று.

ஆகவே பின் தெரிந்திருக்க வேண்டும், சிபியு (அந்த எண் பதிந்திருக்கும் முக்கிய சிப்) உயிரோடு இருக்க வேண்டும், மெமரி ஐசி உயிரோடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் போனின் உள்ளே இருக்கும் ஒரே சர்க்யூட் போர்டில் சில நிமிடமாவது கூடினால் டேட்டா வரும். கீழே சொல்லும் வழிகள் எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால்தான் எடைபோட்டிருக்கிறது: பின் நம்பரை அடிக்கிற நிலைக்கு அது போனைக் கொண்டுவருமா, வராதா?

போட்ட காசுக்கு அதிகம் உழைத்த பொருள், போனின் ஒரே துளையைப் பல துளைகளாக்கித் தரும் டைப்-சி ஹப்தான். வாங்கும்போது மூன்று வகைத் துளைகளைப் பார்க்க வேண்டும்: டிவிக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ ஒன்று, சாதாரண யுஎஸ்பி குறைந்தது இரண்டு, சார்ஜரைச் செருகும் துளை (பவர் டெலிவரி, சுருக்கமாக PD) ஒன்று. கடைசியில் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். யுஎஸ்பி பொருளைப் போனில் மாட்ட உதவும் சின்ன ஓடிஜி அடாப்டரில் மவுஸை மாட்டினால் போனுக்குச் சார்ஜ் ஏறாது. 12 சதவீத பேட்டரியில் தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். அதற்குப் பின் வரும் தொல்லையைத் தனியாகவே சொல்ல வேண்டும், சற்றுப் பொறுங்கள்.

படம் தெரிகிறது, டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மவுஸ் ஒன்றே போதும். அம்புக்குறி திரையில் வரும். இடது பட்டனை அழுத்திப் பிடித்து இழுத்தால் பேட்டர்னும் போடலாம். படமே வரவில்லை என்றால் போன் மாடலைப் பொறுத்தது. சாம்சங் எஸ் வரிசையில் எஸ்8 தொட்டு, பிக்ஸலில் 8 தொட்டு, ஐபோனில் 15 தொட்டு டைப்-சி வழியாக டிவிக்குப் படம் போகும். சாம்சங் ஏ வரிசையிலும் விலை குறைந்த ரெட்மி, ரியல்மி போன்களிலும் பெரும்பாலும் அந்த இணைப்பே கிடையாது. அங்கே எவ்வளவு விலையுள்ள ஹப்பைச் செருகினாலும் டிவி கறுப்பாகத்தான் இருக்கும். ஹப் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். படம் போகும் மாடல்களிலும் சிலது பூட்டுத் திறந்த பிறகே படத்தை அனுப்பும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற மாதிரிதான்: கீபோர்டை மாட்டி, ஸ்பேஸ் தட்டி எழுப்பி, பின் அடித்து, என்டர். சரியாக விழுந்தால் டிவியில் ஹோம் ஸ்கிரீன் வந்துவிடும்.

வந்தவுடன் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் கேபிளைத் தேடுகிறார்கள். போனில் இருப்பதே ஒரு துளை, அதில் ஹப் உட்கார்ந்திருக்கிறது. ஹப்பின் இன்னொரு யுஎஸ்பியில் பென்டிரைவைப் போட்டு, போனின் ஃபைல்ஸ் ஆப் வழியாக, கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரைக் காப்பி எடுப்பதே நேர்வழி. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து வைத்திருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஒன்றுகூட ஏறாது. என்டிஎஃப்எஸ் பல போன்களுக்குப் படிக்கவே தெரியாது.

டிவிக்குப் படம் போகாத போன் என்றால் புது டிஸ்ப்ளேதான் வழி. ஆனால் அதை ஒட்டவேண்டியதில்லை. பின்மூடியைத் திறந்து, பழைய காம்போவின் (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது) கனெக்டரைக் கழற்றி, கடையில் இருக்கும் வேறொரு காம்போவைத் தொங்கவிட்ட மாதிரி மாட்டி, டேட்டாவை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டிக் கொடுக்கும் செலவு மிச்சம். ஒரே நிபந்தனை, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். கரண்ட் இருக்கும்போது டிஸ்ப்ளே கனெக்டரைச் சற்றுக் கோணலாக அழுத்தினால் திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட் லைன் பக்கத்து முனையைத் தொட்டுவிடும். டிஸ்ப்ளே பிரச்சினையாக வந்தது போர்டு பிரச்சினையாகத் திரும்பிப் போகும்.

சாகாத ஆனால் பைத்தியம் பிடித்த டிஸ்ப்ளே இதைவிட மோசம். விரிசல் விட்ட திரை தானாகவே டச் ஆகிக்கொண்டிருக்கும். லாக் ஸ்கிரீனில் அது தன்பாட்டுக்குத் தவறான பின்களை அடித்துத் தள்ளும். ஆண்ட்ராய்டில் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். ஐபோனில் 10 தவறு சேர்ந்தால் கதை முடிந்தது. போனை அழித்துப் புதிதாகத் தொடங்குவது தவிர வேறு வழி தராது. "இரேஸ் டேட்டா" ஆனில் இருந்தால் கேட்காமலே அழித்துவிடும். ஆகவே திரை தானாகத் துடிக்கிறது என்று தெரிந்த நிமிடமே போனை அணைத்துவிடுங்கள். காலையில் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இப்போது பேட்டரி தீரும் தொல்லை. போனை ஆன் செய்து ஒருமுறை பின் அடிக்கும்வரை, உங்கள் கோப்புகளுக்கான சாவியே மெமரியில் ஏறுவதில்லை. ஒருமுறை அடித்துவிட்டால், அடுத்து அணையும்வரை சாவி உள்ளேயே இருக்கும். அதனால்தான் கைரேகையும் முகமும் வேலை செய்கின்றன. ஆகவே டிஸ்ப்ளே செத்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் (கூப்பிட்டால் மணியடிக்கிறதா, அதிர்கிறதா என்று பாருங்கள்) அதை அணைய விடக்கூடாது. சார்ஜிலேயே வைத்திருங்கள். பவர் பட்டனில் கைரேகை இருக்கும் போனை அப்படியே விரல் வைத்துத் திறக்கலாம். அணைந்து எழுந்துவிட்டால் விரல் உதவாது, பின்தான். சும்மா வைத்திருந்தாலும் நாள் கணக்கு உண்டு: பூட்டியபடி மூன்று நாள் கிடந்தால் ஐஓஎஸ் 18.1 தொட்டு ஐபோன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும், 2025 தொட்டு ஆண்ட்ராய்டிலும் அதே ஏற்பாடு வந்திருக்கிறது. திருடனுக்கு வைத்த பொறி, ரிப்பேருக்குக் காத்திருக்கும் சொந்தக்காரரையும் பிடிக்கிறது.

நல்ல போனிலேயே இன்று செய்துவைக்கக்கூடிய ஒன்று: செட்டிங்ஸுக்குள் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டீஃபால்ட் யுஎஸ்பி கான்ஃபிகரேஷன்" என்பதை "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் திரையில் தொட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும்; செத்த திரையில் அதை எப்படித் தொடுவது? மாற்றிவைத்தால் விரல் வைத்துத் திறந்ததும் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் தெரியும். பூட்டிய நிலையில் ஒன்றும் தெரியாது, அதனால் பயமில்லை. யுஎஸ்பி டீபக்கிங்கை (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் வசதி) நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆண்ட்ராய்டு 11 தொட்டு, இணைக்காமல் 7 நாள் விட்டால் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும். அந்தக் காலாவதியை நிறுத்தும் சுவிட்சும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

பின் மறந்துபோனது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "டேட்டா அழியாமல் லாக் எடுக்கும்" என்று விற்கும் மென்பொருள்களின் சிறு எழுத்தைப் படித்தால், அது ஏதோ சில பழைய சாம்சங் மாடல்களுக்கு மட்டும் என்று இருக்கும். மற்ற போன்களில் அது செய்வது ஃபேக்டரி ரீசெட். ரீசெட் ஆனால் சாவி அழிகிறது. அதற்கப்புறம் எந்த ரெக்கவரி மென்பொருளும் குப்பையைத்தான் துழாவும். எஃப்ஆர்பி எடுத்துத் தருகிறோம் என்பதும் வேறு விஷயம்: ரீசெட்டுக்குப் பின் கேட்கும் கூகுள் கணக்குப் பூட்டைத் தாண்டுவது அது, பழைய படம் ஒன்றுகூட அதனால் வராது. உருப்படியான ஒரே சலுகை ஐபோனில் இருக்கிறது. ஐஓஎஸ் 17 தொட்டு, பின்னை மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பின்னைக் கொண்டு உள்ளே போகலாம்.

தண்ணீரில் விழுந்த போனுக்கு அரிசி மூட்டை வைத்தியம் இன்னும் ஓயவில்லை. ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் அரிசியில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டது. போர்டின்மேல் இருக்கும் தகர மூடிக்கு (ஷீல்டு) அடியில் நிற்கும் தண்ணீரை அரிசி இழுக்காது. மாவுத் தூளைத்தான் உள்ளே விடும். போர்டைத் தின்பது ஈரம் மட்டுமல்ல, ஈரமும் கரண்டும் சேர்ந்த மின்பகுப்பு. "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று சார்ஜர் செருகுவதுதான் கொலை. செய்ய வேண்டியது: அணைத்து, திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் கழுவுவது, ஷீல்டுக்கு அடியில் அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி). கடல் தண்ணீர் என்றால் ஐபிஏவுக்கு முன் டிஸ்டில்டு வாட்டரில் போர்டை அலச வேண்டும். உப்பு ஐபிஏவில் சரியாகக் கரையாது. நேரே ஐபிஏ ஊற்றினால் தண்ணீர் போகும், உப்பு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பச்சை பூத்தபின் கொண்டுவருகிற போர்டுக்கும் அன்றைக்கே கழுவிய போர்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனே ஆகாத போர்டை டிசி சப்ளையில் 4 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே மீட்டரில் ஆம்பியர் ஏறினால் மெயின் லைனில் ஷார்ட். ஒரு வோல்ட் அளவு கொடுத்துத் தெர்மல் கேமராவில் பார்த்தாலோ, ரோசின் (பற்றவைப்பில் பயன்படும் பிசின்) புகை அடித்து அது எங்கே முதலில் உருகுகிறது என்று பார்த்தாலோ, சூடாகும் கெப்பாசிட்டர் தெரிந்துவிடும். அதைப் பிடுங்கினாலே பல போன்கள் எழுந்துவிடும். அதே லைனில் இன்னும் பல கெப்பாசிட்டர்கள் இணையாக இருப்பதால் ஒன்று இல்லாமலும் ஓடும். டேட்டா எடுக்க அது தாராளம்.

போர்டே உடைந்திருந்தால் அடுத்த படி மாற்று அறுவை. சிபியுவையும் மெமரி ஐசியையும் கழற்றி, அதே மாடலின் வேறொரு போர்டில் வைப்பது. ஐபோனில் சிபியு, நாண்ட் (மெமரி ஐசி) இரண்டோடு ஈப்ராம் என்ற இன்னொரு சிறிய நினைவுச் சிப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். 2017-இன் ஐபோன் எக்ஸ் தொட்டு பெரும்பாலான மாடல்களில் போர்டு இரண்டடுக்கு, முதலில் அதைப் பிரிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் சிபியு முதுகில் ரேம் ஏறி உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பசை. ஹீட் சற்று கூடினால் ரேமுக்கும் சிபியுவுக்கும் நடுவில் ஈயம் பிதுங்கிவிடும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, கட்டணம் புதுப் போன் விலையை நெருங்கலாம், வெற்றிக்கு உத்தரவாதமும் கிடையாது. சிபியுவே வெடித்திருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் வராது. "சிப்பை மட்டும் கழற்றி ரீடரில் படித்துத் தருகிறேன்" என்று சொல்லும் கடையிலிருந்து கிளம்பிவிடலாம்.

லோகோவில் நின்றுவிட்ட போன்தான் தேவையில்லாமல் அதிகம் பலியாவது. "சாஃப்ட்வேர் அடிக்கணும் சார்" என்ற ஒரு வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டு வந்தால், அரை மணியில் போன் ஓடும், உள்ளே ஒன்றும் இருக்காது. சாம்சங் ஃபர்ம்வேரில் (போனில் ஏற்றும் மூல மென்பொருள்) சிஎஸ்சி என்ற கோப்பு இரண்டு வரும். "ஹோம்" என்று தொடங்குவதைப் போட்டால் டேட்டா தங்கும், மற்றதைப் போட்டால் துடைத்துவிடும். அதற்கும் முன்னே, ரெக்கவரி மோடில் (போன் முழுதாக எழாமலே வரும் பழுதுநீக்கும் திரை) "வைப் கேஷ் பார்ட்டிஷன்" ஒருமுறை போட்டுப் பாருங்கள். இது டேட்டாவைத் தொடாது. அதற்கு ஒரு வரி தள்ளி இருக்கும் "வைப் டேட்டா" தொடும், வால்யூம் பட்டனை நிதானமாக அழுத்துங்கள். ஐபோனை ரெக்கவரியில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் "அப்டேட்", "ரீஸ்டோர்" என்று இரண்டு கேட்கும், அப்டேட்தான். டவுன்லோடு 15 நிமிடத்துக்கு மேல் போனால் போன் ரெக்கவரியிலிருந்து வெளியேறிவிடும். பதறாமல் டவுன்லோடு முடியவிட்டு, மறுபடி ரெக்கவரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மெமரி கார்டு சமாச்சாரம் சுலபம், ஒரு விதிவிலக்கோடு. சாதாரணமாகப் போட்ட கார்டு வேறு போனில் அப்படியே படிக்கும், அழிந்த படங்களைக்கூட ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் எடுத்துத் தரும். உள் மெமரியாக மாற்றிய கார்டு, அல்லது "என்கிரிப்ட் எஸ்டி கார்டு" போட்டது, பழைய போன் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்.

பேக்கப் எல்லாரும் வைத்திருக்கிறார்கள், திறக்கத்தான் பலருக்கு வராது. ஆண்ட்ராய்டு 9 தொட்டு, கூகுளில் ஏறும் போன் பேக்கப்பைத் திறக்கப் பழைய போனின் லாக் பின்னைக் கேட்கும். செத்த போனுக்கு என்ன பின் வைத்திருந்தோம் என்று யோசிக்கும்போதுதான் அது தெரியவரும். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு 64 இலக்கச் சாவி வைத்தவர்கள், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்திருப்பார்கள். 15 ஜிபி நிரம்பினால் கூகுள் போட்டோஸ் புதுப் படங்களை ஏற்றுவதை நிறுத்திவிடும், கேமரா வழக்கம்போல் எடுத்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15-இல்தான் கணக்கு. போட்டோஸின் லாக்டு ஃபோல்டர் நீங்கள் தனியாகச் சொன்னாலொழிய மேலே ஏறாது.

கிளவுட் வேண்டாம் என்றால் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எடுக்கிறது. அது இருக்கும் ஃபோல்டர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக: ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், டேட்டாபேஸஸ். கடைசி 7 நாள் பிரதிகள் அங்கே இருக்கும். ஹப் வழியாக டேட்டா எடுக்கும்போது டிசிஐஎம்மோடு இந்த ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் போனில் அதே இடத்தில் வைத்து, அதே நம்பரில் பதிவு செய்தால் பழைய பேச்செல்லாம் திரும்பும். அதற்கு ஓடிபி வர வேண்டும். செத்த போனின் சிம் டிரேயை மறக்காமல் கழற்றிக்கொள்ளுங்கள். இசிம் என்றால் கம்பெனியில் மறுபடி வாங்கும்வரை அந்த ஓடிபி வராது. அந்த இடைவெளியில் கூகுள் கணக்குக்குள் போகத்தான் 10 பேக்கப் கோடுகள் தருகிறார்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம். அவற்றைக் காகிதத்தில் எழுதி, போனில்லாத இடத்தில் வையுங்கள்.