செங்கோட்டையில் ஓர் ஓவராயில்

செங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெயர்ப்பலகையே இல்லாமல் இயங்கும் ஒரு சைக்கிள் கடையில் என் பழைய வண்டியைச் சென்ற ஆண்டு ஓவராயிலுக்கு, அதாவது முழுவதும் கழற்றிச் சீர்செய்வதற்கு, விட்டேன். மார்பகப் புற்றுநோயால் இறந்த என் மனைவியின் நினைவாக, ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் இங்கிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மிதித்துச் செல்கிறேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்கள் தரும் பணம், நம் பக்கத்திலிருந்து அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுக்கும் தங்கும் செலவுக்கும் சேர்கிறது. அவளுக்குச் சிகிச்சை நடந்த 2014இல் இந்த மலையில் ரயில் இல்லை. 2010இல் நிறுத்தப்பட்ட மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாகி முழுவதும் திறந்தது 2018இல்தான். ஆகவே ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று அன்று இருவரும் பேருந்தில் போய்வந்த சாலையிலேயே இப்போது சைக்கிள் போகிறது.

பயணத்தின் காரணத்தைச் சொன்னால் கேட்பவர் முகம் மாறுவதும், குரல் தாழ்வதும் எனக்குப் பழகிவிட்டது. இந்தக் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அண்ணாச்சி எடை எவ்வளவு? கேரியர்ல எவ்வளவு ஏறும்?" என்று மட்டும் விசாரித்தார். கேரியரில் ஒன்றும் ஏறாது என்றேன். அப்படியானால் கழற்றிவிடலாமே, ஏற்றத்தில் பாரம் குறையும் என்றார். நான் வேண்டாம் என்றதும், மறுபேச்சில்லாமல் அதன் தளர்ந்த கால்களுக்குப் புது போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார்.

அவருடைய வேலையில் முதலில் சொல்ல வேண்டியது ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றிருந்ததில் பின்னதை எடுத்துவிட்டு 22 பல் போட்டு, செயினையும் மாற்றினார். பெடல் ஒரு சுற்று சுற்றினால் முன்பு ஏறத்தாழ இரண்டரைச் சுற்று ஓடிய பின்சக்கரம் இப்போது சரியாக இரண்டு சுற்றுதான் ஓடும். வேகம் குறையும், ஆனால் மிதி இலகுவாகும். புளியரை தாண்டி எஸ் வளைவில் தொடங்கிக் கோட்டைவாசல் வரையிலான ஏற்றத்தில், முன்பெல்லாம் பாதித் தொலைவு தள்ளிக்கொண்டு நடந்தவன், அந்த முறை இரண்டே இடங்களில்தான் இறங்கினேன். கேரளத்துக்குப் போகும் பாரலாரிகள் ஒட்டி உரசும் அந்த வளைவுகளில் இறங்கி நடப்பது மிதிப்பதைவிட ஆபத்தானது என்பது போனவர்களுக்குத் தெரியும். சமதளத்தில் கால் வீணாகச் சுழல்வது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

பால்ரஸ் மாற்றி, சக்கரக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போட்டார். இரும்பு ரிம் நனைந்தால் கட்டை பிடிக்காது என்பதால், சாரலில் இறங்கும்போது வளைவு வருவதற்கு முன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். தென்மலை இறக்கம் முழுவதும் அந்த ஒரு சொல் உதவியது.

குறைகள் உண்டு. இரண்டு நாள் என்று சொன்ன வேலைக்கு ஐந்து நாள் ஆயிற்று. கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்பார். ரசீது தருவதில்லை. அவர் பரிந்துரைத்த டைனமோ விளக்கு, விடியலுக்கு முன் மெதுவாக ஏறுகையில் மங்கிப்போகிறது. பேட்டரி விளக்கு ஒன்று தனியாக வேண்டும். மொத்தம் 2,350 ரூபாய் வாங்கினார். நல்ல காரியம் என்பதற்காகக் கூலியில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அது எனக்கு ஏனோ ஆறுதலாகவே இருந்தது.

இந்த ஆண்டு ஆனி பிறந்ததுமே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.